கதவுல என்ன எழுதப் போற பேராண்டி?

வா பேராண்டி, உக்காரு. பசியாறிட்டியா? கையில என்னடா அது, கலர் கலரா? பல்கலைக்கழகத்து புரோஷரா? எல்லா அட்டையிலயும் ஒரு பொண்ணு புத்தகத்தை நெஞ்சோட அணைச்சிக்கிட்டு சிரிக்குதே. படிச்சா அவ்வளவு சிரிப்பு வருமா?

சைக்காலஜியில மாஸ்டர்ஸ் பண்ணப் போறேங்கிற. பண்ணு. யாரு வேணாம்னா? எதுக்குன்னு கேட்டா, "மத்தவங்களுக்கு உதவணும் தாத்தா"ங்கிற. கியா பார்ம் பசார்ல காய்கறிக் கூடையை வண்டியில ஏத்திவிடறானே அந்த பங்களா தம்பி, அவனும்தான் உதவறான். அவன்கிட்ட யாராச்சும் முதுகலை கேட்டாங்களா?

கோவிச்சிக்காத. இந்த மலையில மனசுக்கு வைத்தியம் தேடி வர்ற கூட்டத்தை நான் நெறையப் பாத்தவன். பள்ளி லீவு விட்டா போதும். கோலாலம்பூர்லேர்ந்து ஒருத்தன் குடும்பத்தோட கெளம்பி வருவான், மனசுக்கு ஓய்வு வேணும்னு. பிரிஞ்சாங்ல ஆரம்பிச்சி இங்க வரைக்கும் காடி நகராது. உள்ள உக்காந்து புருசனும் பொண்டாட்டியும் போடற சண்டை கண்ணாடி ஏத்தியிருந்தாலும் வெளிய கேக்கும். அப்புறம் எறங்கி ஸ்ட்ராபெரி கூடையோட படம் புடிச்சி, நிம்மதியா இருக்கோம்னு உலகத்துக்கே சேதி அனுப்புவாங்க. சுங்கை பாலாஸ் தோட்டத்துப் பச்சையைப் பாத்துக்கிட்டே போன்ல கடன்காரனைத் திட்டறவனையும் பாத்திருக்கேன். மலை என்னடா பண்ணும்?

உங்க காலத்துப் பிள்ளைங்களுக்கு வியாதிப் பேரெல்லாம் நுனி நாக்குல. சிலிப்பரை வரிசையா விட்டா ஓ.சி.டி. அத்தை அதட்டினா ட்ராமா. கடன் கேட்டவன் டாக்ஸிக். மூணு வருசம் சைக்காலஜி படிச்சவன் வீட்டுக்கு வந்தா முதல் வேலையா அம்மாவுக்கு ஒரு வியாதி கண்டுபுடிக்கறான். ரெண்டாவது அப்பாவுக்கு. தனக்கு மட்டும் ஒண்ணுமில்ல.

நெசமாவே மனசு ஒடஞ்சவங்களை நாங்க லயத்துல பாத்திருக்கோம். அப்ப எங்களுக்குத் தெரிஞ்சது ரெண்டே வழி. மொதல்ல பூசாரி, மந்திரிச்ச கயிறு. அதுக்கும் அடங்கலன்னா தஞ்சோங் ரம்புத்தான். ஈப்போ பக்கத்துல 1911ல வெள்ளைக்காரன் தொறந்த ஆஸ்பத்திரி, இன்னிக்கு ஹோஸ்பிட்டல் பஹாகியா உலு கிந்தா. தோட்டத்துல எவனாச்சும் கொஞ்சம் மாத்திப் பேசினா, "இவனை தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பு"ன்னு சொல்லிச் சிரிப்போம். சிரிச்ச வீட்டுலேர்ந்தே ஒருத்தர் போனதும் உண்டு. போனவங்களைப் பத்தி அப்புறம் யாரும் பேசமாட்டாங்க. அதனால, இப்ப இதுக்குன்னு படிப்பு இருக்குன்னு நீ வந்து சொல்லும்போது எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசம்தான். வெளிய காட்டிக்கமாட்டேன், அது வேற.

சரி, வேலைக்கு வருவோம். எந்தப் பல்கலைக்கழகம் உன்னைச் சேத்துக்கும்னு கேக்கறியே, அது பெறகு. மொதல்ல நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. படிச்சி முடிச்சி ஒரு அறை எடுத்து உக்காந்தா, கதவுல உன் பேருக்குக் கீழ என்ன எழுதுவ?

"சைக்காலஜிஸ்ட்"னா? என்ன சைக்காலஜிஸ்ட்? பாத்தியா, முழிக்கற. அங்கதான்டா விசயமே இருக்கு.

இந்த நாட்டுல மனசு சம்பந்தமா நோயாளியைப் பாக்கற கதவு மூணு. மாத்திரை எழுதற கதவு ஒண்ணு. அது டாக்டர் கதவு. எம்.பி.பி.எஸ். அஞ்சு வருசம், ஹவுஸ்மன் ரெண்டு வருசம், அதுக்கப்புறம் மனநல மருத்துவத்துல நாலு வருச மேல்படிப்பு. நீ பி.ஏ. சைக்காலஜி. அந்தக் கதவு பக்கம் போயி நிக்காத, கால்தான் வலிக்கும். உன் அத்தைக்கு மட்டும் இதை வெளக்கிச் சொல்லிடு. "என் மருமகன் மூளை டாக்டருக்குப் படிக்கறான்"னு பிரிஞ்சாங் கோயில்ல சொல்லிக்கிட்டிருக்கா.

ரெண்டாவது, கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் கதவு. சோதனை வெச்சி, பேசி, என்ன கோளாறுன்னு கணிச்சி, மாத்திரை இல்லாம சிகிச்சை குடுக்கறவர். முன்ன யாரு வேணா பலகை மாட்டலாம். இப்ப முடியாது. 2016ல ஒரு சட்டம் போட்டாங்க, 774ஆம் சட்டம், துணைச் சுகாதாரத் தொழில்களுக்குன்னு. 2020 ஜூலையில அமலுக்கு வந்தது. அதுல 23 தொழில் பட்டியல் இருக்கு. காதுக்கும் எக்ஸ்ரே எடுக்கறதுக்கும் ஆள் இருக்கற மாதிரி, உன் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டும் அதுல இருக்காரு. அதே பட்டியல்ல கொசு, பூச்சி ஆராயற அதிகாரியும் இருக்காரு. ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வெச்சிருக்காங்க. ரொம்பத் தலைகனம் வேணாம்னு சொல்லத்தான் இந்த ஏற்பாடுன்னு நான் நெனைச்சிக்கறேன்.

அந்தப் பதிவு வேணும்னா வெறும் பட்டம் போதாது. கிளினிக்கல் சைக்காலஜியிலயே மாஸ்டர்ஸ், அதுவும் அந்தச் சட்டப்படி அமைச்ச மன்றம் ஏத்துக்கிட்ட மாஸ்டர்ஸ். தேசியப் பல்கலைக்கழகம், அதான் யூ.கே.எம்., நடத்துது. யூ.கே.எம்.னா பாங்கின்னு நெனைச்சி அங்க போயி எறங்கிடாத. பாங்கியில இருக்கறது 1979ல தொடங்கின சைக்காலஜித் துறை. கிளினிக்கல் படிப்பு சுகாதார அறிவியல் புலத்துல, கோலாலம்பூர் ராஜா மூடா ரோட்டுல. தனியார்ல ஹெல்ப், யூ.சி.எஸ்.ஐ. மாதிரி எடங்கள்ல உண்டு. ஏறக்குறைய ரெண்டு வருசம். பாடம் பாதி, ஆஸ்பத்திரியில நோயாளி முன்னால உக்கார்றது பாதி, ஆய்வுக் கட்டுரை தனி. வருசத்துக்கு எடுக்கற ஆளும் கொஞ்சம்தான். ஒவ்வொருத்தன் பக்கத்துலயும் ஒரு மூத்தவர் உக்காந்து பாத்துத் திருத்தணும், அதுக்கு மூத்தவர் வேணும்ல?

மூணாவது, கவுன்சலர் கதவு. இதுக்குத் தனிச் சட்டம், 1998ல வந்தது, 580ஆம் சட்டம். லெம்பாக கவுன்சலர்னு ஒரு வாரியம். அதுல பதிவு பண்ணி, அதுக்கு மேல தொழில் நடத்தற சிஜிலும் வாங்கினாத்தான் கவுன்சலர்னு பேர் போட்டுக்கலாம். வாங்காதவன் போட்டா வழக்கு. உனக்கு சைக்காலஜி பட்டம் இருக்கு, கவுன்சலிங்ல மாஸ்டர்ஸ் பண்ணா இந்தக் கதவு தொறக்கும். ஆனா வாரியம் ஏத்துக்கிட்ட படிப்பான்னு பாக்கணும். தஞ்சோங் மாலிம்ல இருக்கற உப்சியில உண்டு, 1922ல ஆசிரியர் கல்லூரியாத் தொடங்கின பழைய எடம். மலாயாப் பல்கலைக்கழகத்துல உண்டு. சன்வேல இருக்கற மோனாஷ்லயும் உண்டு, பணம் இருந்தா.

நம்ம மலையிலேர்ந்து மேற்குப் பக்கமா எறங்கற வழி ரெண்டு. தாப்பா வழியா எறங்கிப் போனா தஞ்சோங் மாலிம். சிம்பாங் பூலாய் வழியா எறங்கிப் போனா தஞ்சோங் ரம்புத்தான். படிக்கப் போறவன் எந்தப் பக்கம் திரும்பறதுன்னு தெரிஞ்சி வெச்சிக்கறது நல்லது.

போன வருசம் நம்ம வரிசையில ஒரு பொண்ணு. பேரு வேணாம். கெட்டிக்காரி. பட்டம் வாங்கினதும் மாஸ்டர்ஸ் சேந்தா. கல்விக் கண்காட்சியில ஒரு ஏஜெண்டு புடிச்சிக்கிட்டான். "முதுகலை உளவியல், பன்னெண்டு மாசத்துல முடிஞ்சிடும்"னான். பேனா இலவசம், துணிப்பை இலவசம். சேந்தா, முடிச்சா, கோட்டு போட்டுப் படம் எடுத்தா, வீட்டுல மாட்டினாங்க. அப்புறம் கிளினிக்கல் பதிவுக்குப் போனா, "இது பொது உளவியல்மா, ஆஸ்பத்திரிப் பயிற்சி இல்ல"ன்னுட்டாங்க. கவுன்சலர் வாரியத்துக்குப் போனா, "இது கவுன்சலிங் படிப்பு இல்லையே"ன்னுட்டாங்க. ரெண்டு பேரும் மரியாதையாத்தான் சொன்னாங்க. இப்ப மறுபடி முதல்லேர்ந்து இன்னொரு மாஸ்டர்ஸ். ஏஜெண்டு பொய் சொன்னானா? சொல்லல. அவன் சொன்னது எல்லாமே உண்மை. அவ கேக்காததை அவன் சொல்லல, அவ்வளவுதான்.

பொது மாஸ்டர்ஸ் கெட்டதுன்னு நான் சொல்லவே இல்ல. ஆராய்ச்சி பண்ணணும், பி.எச்.டி. போகணும், பல்கலைக்கழகத்துல பாடம் நடத்தணும்னா அதான் வழி. மூணு விதமா நடத்துவாங்க: முழுக்க ஆய்வு, பாதிப் பாடம் பாதி ஆய்வு, முழுக்கப் பாடம். முழுக்க ஆய்வுன்னா ரெண்டு வருசம் ஒரே கேள்வியைக் கட்டிக்கிட்டு அழணும். மேற்பார்வைப் பேராசிரியரை நீயே தேடி எழுதணும். அவரு பதில் போடமாட்டாரு. மறுபடி எழுதணும். பொண்ணு பாக்கப் போறவனுக்குக் கூட இவ்வளவு பொறுமை தேவையில்ல. வயசான பாட்டிங்க தனிமை, வெங்காயக் கிடங்குல வேலை செய்யற வெளிநாட்டுப் பையன்களோட தூக்கம், இப்படி உனக்கே ஒரு கேள்வி குடைஞ்சா போ. குடையலன்னா வேணாம்.

தொழிற்சாலை சைக்காலஜின்னு ஒண்ணு, ஆளை எடுக்கறது, வேலையில நிறுத்தி வெக்கறது. அதுக்குச் சட்டமும் பதிவும் கேக்கமாட்டாங்க, சம்பளம் சீக்கிரம் வரும். மனுசனை வேலைக்கு எடுக்க அந்தக் காலத்துல எங்க பெரிய கிராணி கையை மட்டும்தான் தொட்டுப் பாப்பாரு, காய்ப்பு இருக்கான்னு. இப்ப எழுத்து ஒட்டின பதினாறு பொட்டியில ஒண்ணுக்குள்ள உன்னை அடைக்கறாங்க. ஐ, ஈ, என், எஃப்னு. போகட்டும்.

தகுதின்னு கேட்ட. மார்க்கு என்ன? சி.ஜி.பி.ஏ. எவ்வளவு? மெதுவாச் சொல்லு, உன் அப்பன் உள்ளதான் இருக்கான். பொதுவா மாஸ்டர்ஸுக்கு 2.50 வேணும்பாங்க. அதுக்குக் கீழன்னா வேலை அனுபவத்தைப் பாப்பாங்க, தனியாச் சோதிப்பாங்க. கிளினிக்கலுக்குச் சில எடத்துல 3.00 கேப்பாங்க, அதுவும் சைக்காலஜியிலயே பட்டமா இருக்கணும். கணக்கியல் படிச்சிட்டு, "எனக்கு மனுசங்களைப் புரியும்"னு போயி நின்னா, "எங்களுக்கும் உங்களைப் புரியுது"ன்னு அனுப்பிடுவாங்க. கவுன்சலிங்ல வேற துறைக்காரங்களுக்குக் கொஞ்சம் எடம் உண்டு, ஆனா எந்தப் பட்டம் சேரும்னு ஒவ்வொரு எடத்துலயும் கேட்டுத்தான் தெரிஞ்சிக்கணும்.

மார்க்கு சல்லடைதான்டா. தோட்டத்து பேக்டரியில ஒரே கொழுந்துதான் உள்ள போகுது. சலிச்சி எடுக்கும்போது ஒண்ணு பெரிய இலை, ஒண்ணு ஒடசல், ஒண்ணு டஸ்ட்டு. டஸ்ட்டுல போடற தே தாரேதான் கடைக்காரனுக்குப் புடிக்கும், கெட்டியா இறங்கும். அதனால 2.70ன்னு தலையைத் தொங்கப் போடாத, எந்தச் சல்லடையில நிக்கறேன்னு மட்டும் தெரிஞ்சிக்க.

நேர்காணல் இருக்கே, அங்கதான் பல பேரு வழுக்கறது. "எல்லாரும் என்கிட்டதான் மனசு விட்டுப் பேசுவாங்க"ன்னு சொல்லாத. எல்லாரும் அதையேதான் சொல்றாங்களாம். எல்லாரும் எல்லார்கிட்டயும் மனசு விட்டுப் பேசிட்டா, நாட்டுல ஆஸ்பத்திரி எதுக்கு?

காசு. இதைப் பேசாம விடக்கூடாது. பட்டத்துக்கு பி.டி.பி.டி.என்.ல கடன் வாங்கினியா? முதல் வகுப்பு எடுத்திருந்தா கடனைத் தள்ளிக் குடுக்கச் சொல்லிக் கேட்டுப் பாத்திருக்கலாம். எடுக்கல. சரி. அந்தக் கடன் கழுத்துல இருக்கும்போதே தனியார் மாஸ்டர்ஸ் ஃபீஸ் கட்டணுமா, இல்ல ரெண்டு வருசம் எங்கயாச்சும் வேலை செஞ்சி, சிறப்புப் பிள்ளைங்க மையத்துல உதவிக்கு நின்னு, கையில கொஞ்சம் வெள்ளியும் மனசுல கொஞ்சம் அனுபவமும் சேத்துக்கிட்டு அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு எழுதணுமா? உன் வயசுல ரெண்டு வருசம் பெருசாத் தெரியும். பயிற்சியில உன் முன்னால வந்து உக்கார்ற அம்பது வயசு மனுசன், மனைவி செத்துப்போனவன், உன் மூஞ்சைப் பாத்ததும் என்ன நெனைப்பான்? கொஞ்சம் அடிபட்ட மூஞ்சா இருந்தா அவனுக்கு வசதி.

வெளிநாடா? போயேன். சென்னைப் பல்கலைக்கழகத்துச் சைக்காலஜித் துறை 1943லேர்ந்து இருக்கு. தமிழ் கேக்கும், சோறு பழக்கம். ஆனா எம்.ஏ. முடிச்சிட்டா இந்தியாவுல கூட கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுன்னு போட்டுக்க முடியாது. ஆர்.சி.ஐ.ன்னு ஒரு கவுன்சில், 1992ஆம் வருசச் சட்டத்துல வந்தது, அதுல பதியணும். அதுக்குன்னு பெங்களூரு நிம்ஹான்ஸ் மாதிரி எடத்துல ரெண்டு வருசம் எம்.ஃபில். இருந்தது. அந்த எம்.ஃபில்லையும் மாத்தி அமைக்க ஆரம்பிச்சிட்டாங்க. வீட்டுலேர்ந்தே தபால்ல, ஆன்லைன்ல படிச்சிடலாம்னு கணக்குப் போடறியா? 2025ல யூ.ஜி.சி. சைக்காலஜியைத் தொலைதூரத்துல நடத்தாதேன்னு நிறுத்திடுச்சி. மனுசனைப் பத்தின படிப்பை மனுசனைப் பாக்காமப் படிக்க வேணாம்னு அங்கயும் யாரோ ஒரு கெழவன் சொல்லியிருப்பான் போல.

ஆஸ்திரேலியான்னா மூணு வருசப் பட்டத்துக்கு மேல நாலாவது வருசம் ஆனர்ஸ் கேப்பாங்க, அப்புறம்தான் மாஸ்டர்ஸ். இங்கிலாந்துல கிளினிக்கலுக்கு மூணு வருச டாக்டர் பட்டம், சீட்டுக்கு அடிதடி. எங்க போனாலும் திரும்பி வந்தா 774 முன்னாலதான் வந்து நிக்கணும். கெளம்பறதுக்கு முன்னயே அந்த மன்றத்துக்கு ஒரு கடுதாசி போட்டுக் கேட்டுடு. ஒரு இமெயிலுக்கு எவ்வளவு செலவு?

இன்னொண்ணு. வார இறுதியில ஓட்டல் மாடியில ரெண்டு நாள் வகுப்பு, மூணாவது நாள் லைஃப் கோச். காதுல மைக்கு, கையில ரிமோட்டு. "உன் ஆழ்மனசைத் தட்டி எழுப்பறேன்"னு ஒருத்தன் இங்க வந்தான். தூங்கற நாயை எழுப்பினாலே கடிக்கும், ஆழ்மனசை எழுப்பிட்டு யாருடா பொறுப்பு? அவன் மேல எந்தச் சட்டமும் இல்ல. அவன்கிட்ட போயி அழுதவன் ரெண்டு பேரு அப்புறம் என்கிட்ட வந்து அழுதாங்க. ஃபீஸைத் திருப்பிக் கேட்டதுக்கு, "உங்களுக்குள்ள பணத்தைப் பத்தி ஒரு தடை இருக்கு"ன்னானாம்.

உனக்கு ஒரு பலம் இருக்கு பேராண்டி, எந்த புரோஷர்லயும் போடமாட்டான். நீ தமிழ்ல பேசுவ, அதுவும் தோட்டத்துத் தமிழ். இந்தப் படிப்பு பூரா இங்கிலீசுலயும் மலாயிலயும்தான் நடக்கும். சோதனைத் தாளும் அதுலதான். ஆனா லயத்துல வளந்த அம்மா, "நெஞ்சுக்குள்ள எறும்பு ஊருது"ன்னு சொல்லும். அது நெஞ்சு வலியா, பயமா, போன வருசம் போன பையன் நெனைப்பா? மலாயில மாத்திச் சொல்லச் சொல்லி மருமகளை உக்கார வெப்பாங்க. மருமகதான் எறும்பேன்னா அந்தம்மா என்ன சொல்லும்? ஆஸ்பத்திரியில தமிழ்ல கேக்கற ஆளு கெடைச்சா அந்தம்மா பாதி சொகமாயிடும். உன் விண்ணப்பத்துல அதை எழுது. மூணு மொழி தெரியும்னு சும்மா ஒரு வரி போடாத. எந்த ஆளுங்களோட, எந்தப் பேச்சுல உன்னால உக்காந்து பேச முடியும்னு எழுது.

சேர்றதுக்கு முன்னால இந்த வேலை உனக்கு ஒத்துவருமான்னு பாக்கணும்னா அதுக்கும் எடம் இருக்கு. பிஃப்ரெண்டர்ஸ். கோலாலம்பூர்ல இருக்கு, கீழ ஈப்போவுலயும் இருக்கு. உசிரை மாய்ச்சிக்கலாம்னு நெனைக்கறவங்க போன் போடற எடம். 2023 வரைக்கும் அப்படி முயற்சி பண்ணவனைப் புடிச்சி ஜெயில்ல போட ஒரு சட்டம் இருந்தது நம்ம நாட்டுல, 309ஆம் பிரிவு. சாகப் பாத்தவனுக்குத் தண்டனை. எவன் யோசிச்சானோ. இப்ப எடுத்துட்டாங்க. அங்க தொண்டரா சேத்துக்கிட்டா அவங்களே பயிற்சி குடுத்து உக்கார வெப்பாங்க. ராத்திரி முறையில ஒருத்தர் அழறதைக் கேட்டுட்டு, காலையில வெளிய வந்தும் உனக்கு மாஸ்டர்ஸ் ஆசை அப்படியே இருந்தா பாரத்தை நிரப்பு.

விசாரிச்சேன், நானும் தமிழ் பேசற கெழவன்தானே, போயி உக்காரலாமேன்னு. ஒரே ஒரு விதி இடிக்குது. அங்க போன் பேசறவங்க புத்திமதி சொல்லக்கூடாதாம். கேக்கணுமாம், கேட்டுக்கிட்டே இருக்கணுமாம். எனக்கு அந்தத் தகுதி இல்லடா. நீ எழுதிப் போடு.